மலிவான கத்தி நன்றாக வெட்டுவது எப்படி?

சுவீடனின் டலார்னா பகுதியில் உள்ள மோரா, கத்திக்குப் பேர்போன ஊர். அங்கு 1891இல் தொடங்கிய பட்டறையின் வழிவந்தது மோராக்னீவ் நிறுவனம். அதன் 'கம்பானியன்' கத்தி, காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க ஏற்றது. விலையும் குறைவு, வேலையும் சுத்தம்.

காரணம் அலகின் வடிவத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கமும் நடுவாக்கில் தொடங்கி கூர்வரை ஒரே சரிவாக இறங்குகின்றன. அந்த அகலமான சரிவை மரத்தின் மேல் படிய வைத்துத் தள்ளினால் கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது கைக்குத் தெரியும். குச்சியிலிருந்து மெல்லிய சீவல் சுருண்டு எழும். தீட்டும்போதும் அதே சரிவைக் கல்லில் படிய வைத்தால் போதும், கோணம் தானே அமையும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் கேரட்டை நறுக்கினால் அது ஆப்புபோல இறங்கிப் பிளக்கும்.

எஃகில் இரண்டு வகை. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும். ஈரத்தோடு உறையில் போட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கிறது. மழைக்காடு, கடற்கரை என்றால் இரண்டாவதே நல்லது.

விலை குறைவதற்கு ஒரு காரணம், பிளாஸ்டிக் பிடிக்குள் எஃகு கடைசிவரை போவதில்லை. சீவ, அறுக்க, மீன் சுத்தம் செய்ய இது தாராளம். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதே முக்கிய வேலை என்றால், பிடி முழுக்க எஃகு ஓடும் 'கார்பெர்க்' போன்ற தடித்த கத்திக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.