எலும்புக்கூட்டு மாதிரியும் மெய்ம்மையும்

இராஜசிங்கமங்கலத்துப் பெருங்கண்மாயை அறியாதார் நம் இராமநாதபுரச் சீமையில் இலர். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று முன்னோர் அதனைப் புகழ்ந்துரைப்பர். கோடையில் அக்கண்மாய் வற்றிப் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்குங்கால், மாட்டெலும்புகள் வெயிலில் வெளுத்து ஆங்காங்கே காணப்படும். எலும்பைக் குறித்த யான் பெற்ற முதற்பாடம் அவ்விடத்ததே.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மூர்ப் பள்ளியொன்றில் நிகழ்ந்த பொருட்காட்சிக்கு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் துண்டுகளை இணைத்து, நீண்ட கழுத்துடைய டைனோசரின் எலும்புக்கூடொன்றை நிறுத்தி வைத்தேன். பலரும் வியந்தனர். ஆயின் ஆறாம் வகுப்புச் சிறுவனொருவன், "ஐயா, இவற்றுள் மெய்யாகவே தோண்டி எடுத்த எலும்புகள் எவை? நாமாகச் செய்து வைத்தவை எவை?" என வினவினான். விடை கூற இயலாது நாணி நின்றேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மாதிரியைத் திருத்தப் புகுமுன், எவ்விலங்கைச் செய்கிறோம் என்பதைத் துணிதல் வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட அயல்நாட்டுப் பெயரை விடுத்து, நம் நாட்டு விலங்கொன்றை எடுத்துக்கொள்வோம். கோதாவரிப் பள்ளத்தாக்கிலே 1958-ஆம் ஆண்டு முதல் 1961 வரை கிடைத்த எலும்புகளைக் கொண்டு, 1975-இல் பாராபாசாரஸ் தாகோரை எனப் பெயரிடப்பெற்ற டைனோசர் ஒன்றுண்டு. 'பாரா பா' என்பது வங்கமொழியில் பெருங்கால் எனப் பொருள்படும். 1961 கவி இரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டாதலின் அவர் பெயரும் உடன் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய முந்நூறு எலும்புகள் கிடைத்தன. அவை ஒரே விலங்கினுடையவையல்ல. ஆறு விலங்குகளேனும் அவற்றுள் அடங்கும். அவற்றைக்கொண்டு அமைத்த எலும்புக்கூடு கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் காட்சிச்சாலையில் நிற்கின்றது. தலையோடு கிடைக்கவில்லை, சில பற்களே அகப்பட்டன. ஆகவே இவ்விலங்கிற்கு நாம் வைக்கும் தலை, உறவுடைய பிற விலங்குகளைக் கொண்டு ஊகித்ததே என்பதை நினைவிற் கொள்க.

முதலாவது, அளவு. இவ்விலங்கின் நீளம் ஏறக்குறைய 14 மீட்டர். தொடையெலும்பு ஏறக்குறைய 1.7 மீட்டர். மாதிரி 35 சென்டிமீட்டர் நீளமாயின், அது நாற்பதில் ஒரு பங்காகும். அவ்வாறாயின் தொடையெலும்பு நான்கேகால் சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்த்துக் குறைவாயின், எலும்பை நடுவே அறுத்து, உள்ளே கட்டுக்கம்பித் துண்டொன்றைச் செருகி, இடைவெளியைப் பட்டியால் நிரப்புக.

இரண்டாவது, நிலை. பழைய மாதிரிகள் பலவற்றில் வால் தரையிற் கிடக்கும். அறிஞரும் முன்னர் அவ்வாறே கருதினர். நியூயார்க் காட்சிச்சாலையில் 1915-இல் நிமிர்ந்து வாலூன்றி நின்ற டைரனோசாரஸ், 1995-இல் முதுகு தரைக்கு ஒப்ப நிற்குமாறு மாற்றப்பட்டது. இலண்டனில் 1905-இல் வைக்கப்பட்ட டிப்ளோடோகஸ் படியின் வாலும் 1993-இல் மேலே உயர்த்தப்பட்டது. டைனோசரின் காலடித் தடங்களில் வால் இழுபட்ட சுவடு மிக அரிதாகவே காணப்படுவது இதற்கொரு காரணம். ஆதலின் வாலைக் கொதிநீரிற் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகியபின் துணியாற் பிடித்து வளைத்து, உடனே தண்ணீரில் இடுக. இளையோர் இதனைப் பெரியோர் துணையுடன் செய்தல் நலம். மரத்தாலான மாதிரிக்கு இம்முறை பயன்படாது; அதற்குக் கம்பியே தக்கது. கால்களும் உடும்பின் கால்கள்போலப் பக்கவாட்டில் விரியாது, யானையின் கால்கள்போல உடலின்கீழ்த் தூண்களாய் நிற்றல் வேண்டும்.

மூன்றாவது, மேற்பரப்பு. அச்சில் வார்த்த துண்டுகளின் ஓரத்தே மெல்லிய விளிம்பொன்று ஓடும். எவ்வெலும்பிலும் அத்தகைய கோடு இல்லை. அதனைச் சிற்றரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து நீக்குக. பின்னர் ஊசிமுனையால் நீளவாக்கில் நுண்ணிய வெடிப்புகளைக் கீறுக. கண்மாயில் வெயிலுண்ட மாட்டெலும்பை உற்று நோக்கின், அவ்வெடிப்புகள் எத்திசையில் ஓடும் என்பது விளங்கும்.

நான்காவது, நிறம். இங்கே கண்மாய் எலும்பைப் பின்பற்றலாகாது. புதைபடிவம் வெண்மையாயிருத்தல் அரிது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த எலும்பின் நுண்துளைகளில் நிலத்தடி நீர் கொணரும் தாதுக்கள் படிந்து அதனைக் கல்லாக்குகின்றன. இரும்புச் சத்து மிகின் அது பழுப்பாகவோ செம்மையாகவோ தோன்றும். ஆகவே முதலிற் கரும்பழுப்பு முழுதும் பூசி உலரவிடுக. தூரிகையில் வெளிர்க்காவி தோய்த்து, பெரும்பகுதியைத் துணியில் ஒற்றிவிட்டு, எஞ்சியதை எலும்பின் மேடுகளின்மீது மட்டும் மெல்ல வருடுக. பள்ளங்கள் இருண்டும் மேடுகள் ஒளிர்ந்தும் தோன்றும்.

ஐந்தாவது, பீடம். பலகையின்மேற் பசை தடவி, சலித்த மணலைத் தூவுக. பாராபாசாரஸ் எலும்புகள் கல்லான அடிமரங்களுடன் கலந்து கிடந்தன. ஆதலின் கருவேலஞ் சுள்ளியொன்றை அருகிற் கிடத்துதல் பொருந்தும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. கிடைத்த எலும்பிற்கு ஒரு நிறமும் ஊகித்ததற்குச் சற்றே வெளிறிய நிறமும் கொடுத்தல் காட்சிச்சாலைகள் பலவற்றின் வழக்கம். நாமும் நம் மாதிரியின் தலையை வெளிறிய நிறமாக்குவோம். அது அழகைக் குறைக்குமே என்பர் சிலர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் காட்சிச்சாலையின் அபடோசாரஸ், 1934 முதல் 1979 வரை வேறொரு விலங்கின் தலையைத் தாங்கி நின்றது. கண்டோர் அதனையே உண்மையென நம்பினர். நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டிற் கிடைத்து, 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் எனப் பெயர் பெற்ற பேருருவின் எலும்புகளோ, அகழ்ந்தெடுத்த பின் சிதைந்தொழிந்தன. இன்று வரைபடங்களும் சில நிழற்படங்களுமே அதற்குச் சான்று. சான்று மறையின் ஊகமும் உண்மையும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடும்.

சென்ற ஆண்டு திருத்திய மாதிரியை அதே பள்ளியில் மீண்டும் வைத்தேன். வெளிறிய தலையைக் கண்டு, "இதற்கு மட்டும் ஏன் சாயம் போயிற்று?" என்றாள் ஒரு சிறுமி. இம்முறை விடை கூற இயன்றது. உருவம் மெய்போலத் தோன்றினால் மட்டும் போதாது. எதுவரை மெய் என்பதையும் அது தானே கூறுதல் வேண்டும்.