ஒன்லைன் போக்கர்: 'பேங்க்ரோல்' கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பார்ப்போம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் வாயில் 'பேங்க்ரோல்' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. ஒன்லைன் போக்கர் விளையாடுவதற்கென்றே தனியாக ஒதுக்கி வைக்கும் பணத்துக்குத்தான் அந்தப் பெயர். "சேர், இது சூது இல்ல, மூளை விளையாட்டு. காசை மெனேஜ் பண்ணத் தெரிஞ்சா நட்டம் வராது" என்று என்னிடம் படித்த பிள்ளையொருவனே சொன்னான். மார்க்கத் தீர்ப்பு அவனுக்கும் தெரியும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனத்தைச் சிறு வயதிலேயே ஓதியவன். 'சூது இல்லை' என்று பேச்சைத் தொடங்குவதே அதிலிருந்து நழுவத்தான். தீர்ப்பை விளக்குவது உலமாக்களின் பணி. நான் கணித ஆசிரியர். அவன் கணக்கு என்று சொன்னபடியால் கணக்கை மட்டும் பார்க்கிறேன்.

மூளை விளையாட்டு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் கையில் இரண்டு சீட்டு, மேசையில் திறந்தவை நான்கு. இந்த ஆறில் நான்கு ஒரே இனம். கடைசிச் சீட்டும் அதே இனமாக விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காணாத சீட்டுகள் 46. அவற்றில் உங்களுக்கு உதவுபவை 9. நடுவில் 1,000 ரூபா சேர்ந்திருக்கிறது, எதிராளி மேலும் 500 போடுகிறார். தொடர்வதென்றால் நீங்களும் 500 போட வேண்டும், வென்றால் 1,500 இலாபம். இதே நிலைமை 46 தடவை வந்து 9 தடவை வென்றால் 13,500 வரும், 37 தடவை தோற்றால் 18,500 போகும். அதற்குப் பிறகு பந்தயம் இல்லையென்றால், விலகுவதே சரி. சாதாரண தர நிகழ்தகவுப் பாடம்தான் இது. இதைத் தெரிந்தவர், தெரியாமல் 'இந்த முறை வரும்' என்று காசு போடுபவரிடமிருந்து சம்பாதிக்கிறார். இலாபம் வேறெங்கிருந்தும் வருவதில்லை.

அதிலும் முழுவதும் அவருக்கு வராது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பணத்தில் கம்பனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 'ரேக்' என்பார்கள். பல இடங்களில் 5 வீதமளவில், ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாவோடு உட்கார்ந்தால் மொத்தம் 6,000. எழும்பும்போது ஆறு பேரிடமும் சேர்த்து 6,000 இருக்காது. ஆகவே மற்றவர்களை விடக் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருப்பது போதாது. கம்பனிக்குப் போவதையும் ஈடுசெய்யும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

இனி பேங்க்ரோல். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்கரான கிறிஸ் பெர்கசன். கணினி விஞ்ஞானத்தில் கலாநிதி, 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் வென்றவர். 2006இல் ஒரு சதமும் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டொலர் வரை போய்க் காட்டினார். கையிருப்பில் 5 வீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோவதில்லை, பெரிய போட்டிகளுக்கு 2 வீதத்துக்கு மேல் இல்லை என்பவை அவரது விதிகள். நல்ல விதிகள்தான். ஆனால் அந்தக் கலாநிதிக்கு, அந்தச் சம்பியனுக்கு, ஏறத்தாழ ஒன்றரை வருடம் பிடித்தது.

நம் ரூபாவில் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் தொடங்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம் ('பிக் பிளைண்ட்') 10 ரூபா. மேசைக்கு வழமையாக அதன் 100 மடங்கு, 1,000 ரூபா, கொண்டுபோவார்கள். 20 முதல் 30 தடவைக்கான காசு கையில் இருக்க வேண்டும் என்பது அவர்களது பாடம். அப்படியானால் 30,000 வரை. நன்றாக விளையாடும் ஒருவர் 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிளைண்ட், 50 ரூபா, வெல்கிறார். 10,000 ஆட்டத்தில் 5,000 ரூபா. ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு 70 ஆட்டம் என்றால் இதற்கு 143 மணித்தியாலம் வேண்டும். மணித்தியாலத்துக்கு 35 ரூபா! சிறு பிள்ளைக்கு டியூஷன் கொடுத்தாலும் இதை விடக் கிடைக்கும்.

அந்த 5,000உம் நிச்சயமில்லை. 100 ஆட்டத்துக்கு நியம விலகல் 90 பிளைண்டளவில் இருக்கும். 10,000 ஆட்டத்துக்கு அது 9,000 ரூபா. சராசரி 5,000, விலகல் 9,000 என்றால் என்ன பொருள் என்று உயர்தரக் கணிதம் செய்த பிள்ளைக்கு விளங்கும். இப்படி நன்றாக விளையாடும் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர், ஐந்து மாதம் தினமும் ஒரு மணித்தியாலம் இருந்த பிறகும் நட்டத்தில்தான் நிற்பார்கள். மறுபக்கம், சுமாராக விளையாடும் பலர் இலாபத்தில் நின்றுகொண்டு தங்களைக் கெட்டிக்காரர் என்று நம்புவார்கள். எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் இவர்கள்தான். பேங்க்ரோல் விதி, வெல்லக்கூடியவரைக் கெட்ட காலத்தில் காப்பதற்கானது. சராசரியில் தோற்பவருக்கு அது காசு முடியும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

விதியின் முதல் நிபந்தனையை யாரும் வாசிப்பதில்லை. வேறெதற்கும் தேவைப்படாத காசாக அது இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் இருபது வயதுப் பிள்ளையிடம் அப்படி 30,000 ரூபா ஏது? அது வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வகுப்புக் காசு. இல்லையென்றால் உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்தது (அது நல்ல சீட்டு).

பெர்கசன் அந்தச் சாதனையைச் செய்தது புல் டில்ட் போக்கர் என்ற தளத்தில். அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர், பணிப்பாளராகவும் இருந்தார். 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அதிகாரிகள் அந்தத் தளத்தின் மீதும் வேறு இரண்டின் மீதும் நடவடிக்கை எடுத்தனர். விளையாடியோருக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 390 மில்லியன் டொலர், அவ்வருட மார்ச் இறுதியில் வங்கியில் இருந்ததோ சுமார் 60 மில்லியன் என்று அந்நாட்டு நீதித் திணைக்களம் பின்னர் குற்றஞ்சாட்டியது. பெர்கசன் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2013இல் வழக்கை இணக்கமாக முடித்துக்கொண்டார். 5 வீதம், 2 வீதம் என்று கட்டுப்பாடாக விளையாடியவரின் காசும், கண்மூடித்தனமாக விளையாடியவரின் காசும் ஒன்றாகவே மாட்டிக்கொண்டன. அமெரிக்க விளையாட்டாளர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014இல்.

உங்கள் பிள்ளை யாரோ ஒரு முகவருக்குக் காசு அனுப்பிக் கணக்கு வைத்திருந்தால், ஏசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் கம்பனி பதிவு செய்யப்பட்டிருப்பது எந்த நாட்டில்?