முறுக்கியபோது தாங்கியது, விட்டபோது உடைந்தது

புதுப்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில் அந்தப் பட்டறை. மேசை மேல் பழைய தினசரியை விரித்து, அதன் மேல் இரண்டு உலோகத் துண்டுகளை வைத்திருந்தார் மெக்கானிக். சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 500-ன் கனெக்டிங் ராட். பக்கத்திலேயே கிராங்க் கேஸ். அதில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

வண்டிக்காரரான இளைஞருக்கு, உடைந்ததைவிட உடைந்த நேரம்தான் புதிராக இருந்தது. "முறுக்கும்போது போயிருந்தா ஒத்துக்கலாம்ணே. ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு மூணாவது கியருக்கு இறங்குறேன். அப்பப் போய் உடையுது."

"விட்டாத்தான் தம்பி உடையும்" என்றார் மெக்கானிக், தலை நிமிராமல்.

அனுபவத்தில் வந்த அந்த ஒற்றை வரிக்குள் எந்திரவியல் பாடத்தின் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

தையல் மிஷினின் மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். மிதி மேலும் கீழும் ஆடுகிறது; சக்கரம் சுற்றுகிறது. ஆட்டத்தைச் சுற்றாக மாற்றிக் கொடுப்பது நடுவிலுள்ள கம்பி. எஞ்சினில் மிதியின் இடத்தில் பிஸ்டன், சக்கரத்தின் இடத்தில் கிராங்க், கம்பியின் இடத்தில் கனெக்டிங் ராட். வேகம்தான் வேறு. நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 183 தடவை முழுதாக நின்று, திசை மாறி, மறுபடி ஓடுகிறது. ஓடுகிற பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவதும் எதிர்த்திசையில் இழுத்துப் போவதும் ராடின் வேலை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புல்லட் 500-ல் பிஸ்டனின் விட்டம் 84 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பெட்ரோல் எரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் உண்டாவதாக வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் இறங்கும் சுமை சுமார் 2,200 கிலோ. ஒரு காரைத் தூக்கி வைத்த மாதிரி. ராட் அதைத் தாங்கிவிடுகிறது, ஏனென்றால் அது அமுக்கும் சுமை. உலோகத்தில் நுண்ணிய கீறல் இருந்தாலும் அமுக்கம் அதன் இரு உதடுகளையும் மூடித்தான் வைக்கும்.

இழுப்பு அப்படியல்ல. பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் இடத்தில், 5,500 சுற்றில், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 1,900 மடங்கு. பிஸ்டனும் பின்னும் வளையங்களும் சேர்ந்து அரைக் கிலோ என்று கொண்டால், அந்த நொடிப்பொழுதில் அதன் 'எடை' ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சினை 7,000 சுற்றுக்கு ஏற்றினால் ஒன்றரை டன். வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. இழுப்போ 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப அது வளர்வதால் வரும் வினை இது.

பெட்ரோல் எரியப் போகும் உச்சியில், மேலே அடைபட்ட காற்று பிஸ்டனைத் தள்ளிக் கொடுக்கிறது. ராடுக்கு இழுப்பு குறைகிறது. புகையை வெளியேற்றிவிட்டு பிஸ்டன் வந்து சேரும் மற்றொரு உச்சியில் வால்வு திறந்திருக்கிறது. தள்ளிக்கொடுக்க எதுவுமே இல்லை. முழு இழுப்பும் ராடின் மேல். இப்போது ஆக்ஸிலேட்டரை மூடிப் பாருங்கள். உள்ளே வரும் காற்றே சொற்பம் என்பதால் எரியும் உச்சியிலும் ஆதரவு போய்விடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வந்த முழு இழுப்பு, சுற்றுக்கு ஒருமுறை வருகிறது. அந்த நேரம் பார்த்து கியரைக் குறைத்தால், பின்சக்கரம் எஞ்சினை வலுக்கட்டாயமாக இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கிறது. இளைஞரின் ராட் விட்டபோது உடைந்த காரணம் இதுதான்.

ஆனால் அன்றைக்கே உடைந்ததா என்றால், இல்லை. மெக்கானிக் உடைந்த முகத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ஒரு ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு, வழுவழுப்பான கருத்த பிறைத் துண்டு. மணலில் அலை பின்வாங்கிப்போன கோடுகள்போல அதில் வரி வரியாகத் தடம். மீதி முழுக்கப் பளபளப்பாக, சொரசொரப்பாக. கருத்த பகுதி பல மாதங்களாக மெல்ல மெல்ல விரிந்த விரிசல். பளபளப்பான பகுதிதான் அன்றைக்கு முறிந்தது.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842-ல் பாரிஸ் அருகே வெர்சாயிலிருந்து வந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு பொறியாளர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினார்கள். பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் 1850, 60-களில் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை சுழற்றி, எவ்வளவு சுமையில் எத்தனை தடவைக்குப் பிறகு உடைகிறது என்று பட்டியல் போட்டார். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதை இதற்கு உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படுவதில்லை. கம்பியை வளைந்துபோகும் அளவுக்கு மடக்குகிறோம். ராட் ஒருமுறைகூட வளைவதில்லை. ஒரே தடவையில் உடைக்கத் தேவையானதில் பாதிச் சுமைகூட அதன் மேல் விழாமல் இருக்கலாம். எண்ணிக்கைதான் அதை உடைக்கிறது.

எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமையை வைத்துக்கொண்டால் எத்தனை கோடி தடவையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை குறைந்தால் ஆயுள் நீளும், அவ்வளவுதான்.

மேசை மேல் இருந்தது அலுமினிய ராட்.

பழைய புல்லட்டில் அலுமினிய ராட் என்றால் பலர் நம்புவதில்லை. அவ்வளவு கனமான வண்டிக்குள்ளா? ஆனால் அதுதான் உண்மை, அதில் நியாயமும் இருந்தது. பிரிட்டனின் ரெடிச் ஊரில் பிறந்த எஞ்சின் அது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூரில் வார்த்தெடுக்கப்பட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின்களுக்காக உருவான வலுவான அலுமினியக் கலவைகள் அன்றைய பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கு எளிதில் கிடைத்தன. ராட் லேசாக இருந்தால் அதிர்வு குறையும், கிராங்க் பின்னுக்கும் சுமை குறையும். 500-ன் சக்தியோ 5,400 சுற்றில் 22 குதிரைத்திறன். அந்த வேலைக்கு அந்த ராட் தாராளம். அதைக் குறை சொல்வது, மாட்டு வண்டியின் நுகத்தடி டிராக்டருக்குத் தாங்கவில்லை என்பதைப் போன்றது.

சிக்கல் நாம் ஆசைப்படும்போது வருகிறது. 84 மி.மீ. சிலிண்டரை 87 மி.மீ.க்குக் குடைந்தால் 500 சி.சி. 535 ஆகிறது. பெரிய வால்வு, கூர்மையான கேம், நல்ல கார்புரேட்டர் போட்டால் எஞ்சின் சுலபமாக 6,500-க்கு ஏறும். சிலிண்டரின் மேல்பாதியில் கொட்டும் காசெல்லாம் வேகமாகச் சுற்றவே கொட்டப்படுகிறது. கீழே இருக்கும் ராடை யாரும் நினைப்பதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நிதானமாக ஓட்டினாலே ஒரு மணி நேரத்தில் 1.8 லட்சம் சுற்றுகள். ஒரு கோடியைத் தொட 55 மணி நேரம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு முறை போய்வந்தால் ஏறக்குறைய ஆகிவிடும். பழைய ராடின் கணக்கில் ஏற்கெனவே எத்தனை கோடி ஏறியிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே எஃகு ராட். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகை அடித்துச் செய்வது வழக்கம். அமெரிக்கர்கள் 4340 என்பார்கள். நம் லேத் பட்டறைகளில் கிட்டத்தட்ட அதே எஃகுக்கு இ.என். 24 என்று பெயர். அடித்துச் செய்யும்போது உலோகத்தின் இழைகள் மரத்தின் நரம்புபோல் ராடின் வடிவத்தோடு ஓடுகின்றன. பிறகு சிறு எஃகுக் குண்டுகளை மழையாகப் பொழிந்து மேற்பரப்பை அறைவார்கள். பார்க்க வெறும் மெருகு வேலைபோல் இருக்கும். உண்மையில் பரப்பின் தோல் நிரந்தரமாக அமுங்கிய நிலைக்குப் போகிறது. விரிசல் பெரும்பாலும் தோலில்தான் பிறக்கும். அமுங்கிய தோலில் அது வாய் திறக்க, இழுப்பு முதலில் அந்த அமுக்கத்தைத் தின்று தீர்க்க வேண்டும். ஒரு ராடில் ஸ்பேனர் வழுக்கி விழுந்த சின்னக் கீறல்கூட ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ராடின் குறுக்குவெட்டை ஆங்கில ஐ எழுத்துபோலவும் செய்கிறார்கள், எச் எழுத்துபோலவும் செய்கிறார்கள். பந்தயக்காரர்களிடம் எச் வடிவம் பிரபலமானதில், பிரெட் கரில்லோ 1963-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எது உயர்ந்தது என்று டீக்கடையில் மணிக்கணக்காகச் சண்டை நடக்கும். இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியின் வடிவமைப்புத் தரவுப் புத்தகத்தோடு உட்கார்ந்து போட்ட கணக்கு நினைவிருக்கும். ராட் ஆடும் தளத்தில் அதன் இரு முனைகளும் கீல்போல் திரும்பும்; குறுக்குத் தளத்தில் பின்களால் கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கும். கவ்விய கம்பியை நெளியவைக்க நான்கு மடங்கு சுமை வேண்டும். அதனால் ஆடும் தளத்தில் நான்கு மடங்கு விறைப்பைக் கொடுத்தால் இரு பக்கமும் சமம். அந்தச் சமநிலையை ஐ வடிவிலும் எட்டலாம், எச் வடிவிலும் எட்டலாம். எழுத்தைவிட எஃகும் செய்நேர்த்தியும் முக்கியம் என்பது என் கட்சி.

ராடை மாற்றுவது மட்டும் போதாது. பழைய புல்லட்டில் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே மிதக்கும் புஷ் ஒன்று உண்டு. ராடோடும் ஒட்டாமல், பின்னோடும் ஒட்டாமல், எண்ணெயில் மிதந்தபடி இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் சுற்றும். உரசும் வேகத்தை இரு பரப்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, அழகான யோசனை. ஆனால் எண்ணெய் குறைந்தால் அது மன்னிக்காது. அதனால் எஃகு ராட் போடுபவர்கள் பெரும்பாலும் கூடவே உருளை பேரிங்குக்கு மாறுகிறார்கள்.

இந்த எஞ்சினில், கிராங்க் பின்னைக் கவ்வும் ராடின் பெரிய கண் ஒரே துண்டு. அதைக் கழற்ற இரண்டு ஃப்ளைவீல்களையும் பிரித்து, பின்னை மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கிராங்கை இரு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்தி, டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்குவார்கள். இரண்டு தவ்வுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள், ஆட்டம் அடங்க வேண்டும். பார்ப்பவருக்கு அது தட்டல். தட்டுபவருக்கு அது காது, கை, கண் மூன்றும் சேர்ந்த வேலை. எஃகு ராட் அலுமினியத்தைவிடக் கனம் என்பதால் ஃப்ளைவீலின் எதிர் எடையையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, 'ராட் மாத்தினேன், வண்டி நடுங்குது' என்று திரும்பி வருபவர்கள் அதிகமாம்.

இப்போது வரும் 650 இரட்டைச் சிலிண்டர் என்ஃபீல்டில் கிராங்க் ஒரே துண்டு; ராடின் கண்தான் இரண்டாகப் பிரிந்து போல்ட்டால் இணைகிறது. அங்கே இழுப்பு முழுவதும் அந்த போல்ட்டுகளின் தலையில். போல்ட்டை இறுக்குவது என்றால் அதை ஸ்பிரிங்போல் இழுத்து நீட்டுவது. ராட் இழுக்கும் விசையைவிட அதிகமாக முன்கூட்டியே நீட்டி வைத்தால், இணைப்பு பிரிவதில்லை. போல்ட்டுக்கும் ஏறி இறங்கும் சுமை அவ்வளவாகத் தெரிவதில்லை. குறைவாக இறுக்கிய போல்ட்தான் சோர்ந்து உடைகிறது. டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுவதால், பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் போல்ட் எவ்வளவு நீண்டது என்பதையே அளந்து பார்க்கிறார்கள்.

பணம் பொருட்டில்லை என்றால் டைட்டானியம் இருக்கிறது. எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல். ஹோண்டா 1987-ல் ஆர்.சி. 30 மோட்டார்சைக்கிளில் அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. புல்லட்டுக்கு அது பட்டு வேட்டி கட்டி நாற்று நடப் போவதுபோல.

மெக்கானிக் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்திருந்தார். எஃகு ராட், பேரிங், பின், கேஸ், எண்ணெய் பம்பு. இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் போட்டா 7,000 போகுமாண்ணே?"

"ராட் போகும் தம்பி" என்றார் அவர். "மத்ததையெல்லாம் கேட்டுட்டுச் சொல்றேன்."