நிழலை அளப்பது எளிது, தூரம்தான் கடினம்

ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் உச்சிவேளையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிகள் இதைக் கொண்டாடுகின்றன. கன்னியாகுமரியிலும் ஒரு பள்ளி அன்றே குச்சி நட்டால், இரு பள்ளி மாணவர்களும் சேர்ந்து பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம்.

குமரியில் அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 8.7 செ.மீ. நிழல் விழும், அதுவும் தெற்குப் பக்கமாக. குச்சியையும் நிழலையும் தாளில் அளவுக்கு வரைந்து குச்சியின் நுனியில் பாகைமானியை வைத்தால் கோணம் 5 பாகை வரும். சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரண்டு ஊர்களுக்கும் இணையாகவே வருகின்றன. ஆகவே நிழலில் தெரியும் வேறுபாடு முழுக்கத் தரையின் வளைவால் வந்தது. முழு வட்டம் 360 பாகை. 5 பாகை அதில் 72-இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே உள்ள வடக்கு-தெற்குத் தூரத்தை 72-ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைத்துவிடும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதைத்தான். இன்றைய அஸ்வானில் நிழல் மறையும் நாளில் அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 50-இல் ஒரு பங்கு கோணம் இருந்தது. இரண்டு நகரங்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அக்கால நீள அளவு) என்று கொண்டு, சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா என்றார். எல்லோரும் அவருடைய நிழலைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்த 5,000-தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு நாட்டின் நீளத்தைத் தரையில் அளந்து சொல்ல யாராவது வேண்டும் அல்லவா?

நம் மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். சென்னையிலிருந்து குமரிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 700 கி.மீ. அதை 72-ஆல் பெருக்கினால் 50,400 வரும். நேர்கோட்டில் அளந்தாலும் 45,000-ஐத் தாண்டும், ஏனென்றால் குமரி சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, தென்மேற்கே இருக்கிறது. வடக்கு-தெற்குப் பங்கு மட்டும் 553 கி.மீ. அதைப் பெருக்கினால் 39,816. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008 கி.மீ. ஆனால் அந்த 553-ஐக் கைப்பேசியின் அட்சரேகைகளிலிருந்து எடுத்தால் பரிசோதனைக்கே அர்த்தமில்லை. பூமியின் அளவை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டுதான் கைப்பேசி அந்த விடையைச் சொல்கிறது.

தரையில் அளப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதற்குச் சென்னையே சாட்சி. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, சுமார் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதற்கே 57 நாள் ஆயிற்று. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. அட்சரேகையை அவர் விண்மீன்களைக் கொண்டு கண்டார். தரையில் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்பதே அவருடைய கேள்வியும்.

நிழலிலும் கவனம் வேண்டும். 8.7 செ.மீ. நிழலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை 450 கி.மீ. மாறிவிடும். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு; அதனால் நிழலின் நுனி மங்கித்தான் தெரியும். குச்சியின் உச்சியில் சிறு துளையிட்ட தகட்டைப் பொருத்தினால், நிழலின் நடுவே சின்ன ஒளிவட்டம் விழும். அதன் மையத்தைக் குறித்துக்கொள்ளலாம். கடிகாரத்தில் 12 மணி அடிப்பதைப் பார்க்க வேண்டாம். சென்னையில் அன்று உச்சிவேளை 12.07 வாக்கில், குமரியில் 12.18 வாக்கில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி வைத்து, குச்சிக்கு மிக அருகில் உள்ள புள்ளியை எடுத்தால் போதும். அந்தந்த ஊர் உச்சிவேளையில் அளந்தால் சரி, இருவரும் ஒரே நொடியில் அளக்க வேண்டியதில்லை.

சென்னைக்குப் பதில் பெங்களூருப் பள்ளி ஒன்றைக் கூட்டுச் சேர்ப்பது இன்னும் நல்லது. அங்கும் நிழலில்லா நாள் ஏறத்தாழ அதே நாள்தான். குமரி அதற்கு ஏறக்குறைய நேர் தெற்கே. தென்மேற்குச் சிக்கல் தீர்ந்துவிடும். குச்சியை மட்டும் இரண்டு மீட்டராக்கிக்கொள்ளுங்கள், குமரியில் நிழல் 17 செ.மீ. வரை நீளும்.