தறிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறவன்

அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் உறைப்பதே இல்லை. அதே தெருவில் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுகிறான் என்று வையுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. திருச்சுழி பஸ் நேரம் மட்டும் தலைகீழ் மனப்பாடம். "இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான், தானாச் சரியாயிரும்" என்கிறார் அப்பத்தா. இப்படிச் சொல்லியே வருடங்கள் போய்விடுவதுதான் எனக்கு வருத்தம்.

அவனுக்கு ஆட்டிசம் இருக்கலாம். அது தொற்றாது, சாமி குத்தமும் இல்லை, அம்மா வளர்த்த விதமும் காரணமில்லை. கருவிலேயே மூளை சற்று வேறு விதமாக வளரத் தொடங்குகிறது. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இரத்தம் எடுத்தோ ஸ்கேன் எடுத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதிப்பார்கள். பிறகு அவனோடு விளையாடிப் பார்ப்பார்கள்: கண்ணைப் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? வீட்டில் எப்படி இருக்கிறான் என்று அம்மாவிடமும் நிறையக் கேட்பார்கள். நம் நாட்டுக்கென்றே செகந்திராபாத்தில் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐ எட்டினால் ஆட்டிசம். இது பரீட்சை இல்லை, இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே போதும், எங்கே போகவேண்டும் என்று வழி காட்டுவார்கள்.

1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் முதலாவது, அமெரிக்கச் சிற்றூர்க்காரரான டொனால்ட் ட்ரிப்லெட். 87-ஐ 23-ஆல் பெருக்கினால் எவ்வளவு என்றால் யோசிக்காமல் 2001 என்பாராம். தாளில் போட்டுப் பாருங்கள்! எல்லோருக்கும் இப்படிக் கணக்கு வராது. சிலருக்குப் பேச்சே வராது. டொனால்ட் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார். ஊர்க்காரர்கள் அவரை அவர் போக்கிலேயே ஏற்றுக்கொண்டார்கள். 2023-இல், 89 வயதில் காலமானார்.

ஆட்டிசக் குழந்தைகள் வளர்ந்து ஆட்டிசப் பெரியவர்கள் ஆகிறார்கள். சிறு வயதில் யாரும் கவனிக்காமல், நாற்பது வயதில் முதன்முறையாகத் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பழகிவிடுவதால், பெண்பிள்ளைகள் பலர் இப்படிக் கவனத்துக்கு வராமலே போகிறார்கள். பெரியவர்களைச் சோதிக்கும்போதும் சின்ன வயதுக் கதையைத்தான் கேட்பார்கள். அதனால், முடிந்தால் அம்மாவையோ அக்காவையோ கூட்டி வரச் சொல்வார்கள்.