காய்ச்சலும் தியோஃபிலின் மாத்திரையும்

மூளையில் ஓரிடம் காயப்பட்டால் அங்குள்ள செல்களிலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறு கசிகிறது. நரம்புகளுக்குத் துணையாகக் காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்கள், பி2ஒய்12 என்ற ஏற்பியால் அதை உணர்கின்றன. உடனே தம் மெல்லிய கிளைகளைக் காயத்தை நோக்கி நீட்டி, சில நிமிடங்களில் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. நலமாக இருக்கும் மூளையில் நடப்பது இது.

அழற்சி வந்தால் நிலைமை தலைகீழாகிறது. 2009-இல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தார், சுண்டெலியின் மைக்ரோகிளியாவைப் பாக்டீரியாச் சுவரின் நச்சுப்பொருளால் தூண்டிப் பார்த்தார்கள். பி2ஒய்12 குறைந்தது, அடினோசினை உணரும் ஏ2ஏ ஏற்பி பெருகியது. ஏடிபி சிதைந்தால் கிடைப்பதே அடினோசின்தான். கிளைகளை வரவழைத்த அதே கசிவு, இப்போது அவற்றை உள்ளிழுக்க வைத்தது. 2014-இல் பார்க்கின்சன் நோயை உண்டாக்கிய சுண்டெலிகளில் ஏ2ஏ-யை அடைத்தபோது, கிளைகள் மறுபடி காயத்தை நோக்கி நீண்டன.

காபியும் இந்த ஏற்பியை அடைப்பதுதானே, கூடுதலாகக் குடித்தால் நல்லதல்லவா என்று தோன்றலாம். அப்படி முடிவு கட்டுவது ஆபத்து. காஃபீனும், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலினும் ஏ2ஏ-யோடு நிற்பதில்லை. நரம்புச் செல்கள் மட்டுமீறித் துடிக்காமல் அடக்கிவைக்கும் ஏ1 ஏற்பியையும் அடைக்கின்றன. தியோஃபிலின் மிகுந்தால் வலிப்பு வருவதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

மருந்து மிகுவதற்கு யாரும் இரண்டு மாத்திரை போட வேண்டியதில்லை, காய்ச்சலே போதும். காய்ச்சலின்போது எழும் அழற்சிச் சைகைகள் கல்லீரலையும் எட்டி, தியோஃபிலினைச் சிதைக்கும் நொதியை மட்டுப்படுத்துகின்றன. 1980-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பி வகை ஃப்ளூ பரவியபோது, தியோஃபிலின் எடுத்துவந்த 11 குழந்தைகளின் உடலில் மருந்து வெளியேறுவது குறைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வழக்கமான அளவைத்தான் கொடுத்திருந்தார்கள். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது இம்மருந்துக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் வரம்பு. அதைத் தாண்டினால் நச்சு. பலன் தரும் அளவும் கெடுக்கும் அளவும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மருந்து இது.

காய்ச்சலுக்கென்று மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் போன்றவை இந்த அளவை இன்னும் ஏற்றிவிடும். 102 டிகிரி காய்ச்சல் ஒரு நாள் நீடித்தாலே, தியோஃபிலின் எடுப்பவர் மருத்துவரிடம் அதைச் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் மூச்சுத்திணறல் திரும்பக்கூடும்.

குமட்டல், படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை ஆகியவை மருந்து மிகுந்ததன் அடையாளங்கள். வீட்டில் அவற்றைக் காய்ச்சலின் அலுப்பு என்று எளிதில் விட்டுவிடுவார்கள். இவை எதுவும் தெரியாமல், முதல் அறிகுறியாக வலிப்பே வந்துவிடுவதும் உண்டு.