அரிவாள்செல் நோயும் பள்ளி வாழ்க்கையும்

அரிவாள்செல் நோய் என்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபுவழியாகப் பிள்ளைக்கு வரும் குருதி நோய் ஆகும். இந்நோய் உள்ள மாணவர்களின் பள்ளி வாழ்க்கையை இங்கிலாந்தில் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைமன் டைசனும் அவர் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

நோயின் இயல்பு

இயல்பான சிவப்பணு வட்ட வடிவமும் நெகிழ்வும் கொண்டது. இந்நோயில் ஈமோகுளோபினின் மாற்றத்தால் அது அரிவாள் போல வளைந்து விறைக்கிறது. விறைத்த அணுக்கள் சிறு குருதிக்குழாய்களை அடைப்பதால் கடும் வலி உண்டாகிறது. உடலில் நீர் குறைதல், குளிர், மிகுந்த உடலுழைப்பு ஆகியவை இவ்வலியைத் தூண்டலாம். ஆகவே இவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைவதால் அடிக்கடி கழிப்பறைக்கும் செல்ல நேரிடும். இரத்தச்சோகையால் எளிதில் களைத்துவிடுவர்.

ஆப்பிரிக்க, கரீபிய வழியினரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோயின் மரபுக்கூறு, இந்தியாவில் 1952 இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது.

ஆய்வு முடிவுகள்

இங்கிலாந்தில் இந்நோயுள்ள 569 இளையோரிடம் பள்ளி அனுபவங்கள் கேட்டறியப்பட்டன. அவர்கள் கூறியவற்றுள் முக்கியமானவை:

* பாதிப்பேர், வகுப்பில் தண்ணீர் குடிக்கவும் தேவையான நேரத்தில் கழிப்பறை செல்லவும் அனுமதிக்கப்படவில்லை.
* மூன்றில் ஒரு பங்கினர், தமக்குப் பொருந்தாத உடற்பயிற்சிகளைச் செய்ய வைக்கப்பட்டனர். களைத்தபோது சோம்பேறி எனப்பட்டனர்.
* பலர் இரண்டு மூன்று நாட்களாக அவ்வப்போது விடுப்பு எடுத்தனர். எட்டில் ஒருவரின் விடுப்பு, அரசு வரையறுத்த 'தொடர் வருகையின்மை' அளவை எட்டியது. விடுபட்ட பாடங்களைப் படிக்க உதவி கிடைக்கவில்லை என்றும் கூறினர்.

நோயைத் தெரிவித்தல்

நோயைப் பற்றி ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆசிரியர்களும் சக மாணவர்களும் நோயை அறிந்திருந்ததற்கும், அம்மாணவர் நடத்தப்பட்ட விதத்துக்கும் தொடர்பு இருப்பதாக இவ்வாய்வில் தெரியவில்லை. அதாவது, தெரிவித்தல் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

வலி இல்லாத நாட்களில் இம்மாணவர்கள் மற்றவர்களைப் போலவே தோன்றுவர். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் நோயை மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. எல்லா மாணவருக்கும் பொதுவாக இவற்றை அனுமதிக்கும் பள்ளியில் அந்த நிலை எழாது. விடுபட்ட பாடங்களுக்கான ஏற்பாடும் முன்கூட்டியே செய்யப்பட வேண்டியது.

சட்டநிலை

இங்கிலாந்தின் 2014 ஆம் ஆண்டுச் சிறுவர், குடும்பங்கள் சட்டம், உடல்நலக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உதவும் ஏற்பாடுகளைச் செய்வதை அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளின் கடமையாக்கியது.